தேசப்பனைக் காட்டிப் பிழைத்தவர்கள்

ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குக் கிழக்கே இருந்த ஓர் அரிசிக் கிடங்கில் தேசப்பன் மூட்டை தூக்கினார். 1931-இல் அவருக்கு வயது அறுபத்திரண்டு. தலைமுடி முழுக்க வெளுத்துவிட்டது. ஆனால் சட்டையைக் கழற்றினால் முப்பது வயது ஆளின் உடம்பு. மார்பு இரண்டு பலகைகளாகப் பிரிந்து நிற்கும். வயிற்றில் ஒரு மடிப்புக் கிடையாது. பெரிய ஆளொருவனைவிடக் கனமான ரங்கூன் அரிசி மூட்டை முதுகில் ஏறும்போதுகூட அவர் கழுத்து குனியாது.

இருபது வயதில் புளியந்தோப்பில் ஜாபர் என்பவர் நடத்திய தாலிம்கானா என்ற உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து கசரத்து பழகியவர். அம்மை கண்ட பதினைந்து நாள் தவிர அதை அவர் விட்டதேயில்லை. விடியற்காலையில் கடற்கரை மணலில் இருநூறு தண்டால், உட்கார்ந்து எழும் பஸ்கி நானூறு. பிறகு கர்லாக்கட்டை இரண்டையும் தோளைச் சுற்றி வீசுவார். பீடி இல்லை, சாராயம் இல்லை. ஊரில் எல்லோரும் அவர் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். தொடட்டும் என்று அவரும் கையை மடக்கிக் காட்டுவார். அதில் அவருக்கு ஆசை உண்டு.

அந்த வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது. முதலாளி கூலியைக் குறைக்க வழி தேடினார். வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் மேஸ்திரி பக்தவச்சலம். நாற்பத்தைந்து வயது, முன்னால் தள்ளிய தொப்பை, வெயிலில்லாத நாளிலும் கையில் குடை. கிடங்கில் ஐம்பது தாண்டியவர்கள் பதினோரு பேர். ஒரு நாள் காலை அவர்களை வரிசையாக நிறுத்தினார்.

"இனிமே அம்பது தாண்டினவனுக்கெல்லாம் அரைக் கூலிதான். முழுக் கூலி வோணும்னா தேசப்பன் எத்தினி மூட்ட தூக்கறானோ அத்தினி தூக்கணும்."

சின்னப்பையன் என்பவர் முன்னால் வந்தார். தேசப்பனோடு இருபது வருஷமாக மூட்டை தூக்குபவர். "அவன் கசரத்து பண்ற ஆளு மேஸ்திரி. அவனோட எங்கள வெச்சா எப்பிடி?"

"அவனுக்கு அறுவத்திரெண்டு. உனுக்கு அம்பத்தெட்டு. அவனுக்கு ஆவுது, உனுக்கு ஆவலன்னா அதுக்குப் பேரு வயசு இல்ல, சோம்பேறித்தனம்."

தேசப்பன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அந்த நேரத்தில் அவருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. பிற்பாடு இதை அவரே பலபேரிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் தன்னையே காறித் துப்புவதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்.

எட்டு நாள் ஓடியது. தேசப்பன் போக மீதிப் பத்துப் பேரில் ஏழு பேர் முயன்று பார்த்துவிட்டு அரைக் கூலிக்கு இறங்கிவிட்டார்கள். சின்னப்பையன் இறங்கவில்லை. வீட்டில் ஆறு பிள்ளைகள், இறங்க முடியாது. ஒன்பதாம் நாள் பகலில் மேஸ்திரி, தேசப்பன் சின்னப்பையன் இருவரும் தூக்கிய மூட்டைகளின் எண்ணிக்கையை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தேசப்பன் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். நிதானிக்கவில்லை. கேட்கக் கேட்க உடம்பு சூடேறி, வழக்கத்தைவிட வேகமாகத் தூக்கினார்.

அடுக்கிய மூட்டைகளின் உச்சிக்குப் போகப் பலகை சாத்தியிருந்தது. அதில் பாதி ஏறியபோது சின்னப்பையனின் முழங்கால் மடங்கியது. அவர் கீழே விழ, மூட்டை அவர் இடுப்பின் மேல் விழுந்தது.

எல்லோரும் ஓடினார்கள். மேஸ்திரியும் வந்தார். வந்து கேட்ட முதல் கேள்வி, "மூட்ட கிழிஞ்சிதா பாரு."

ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுச் சின்னப்பையன் வீட்டுக்கு வந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பார்க்கப் போன தேசப்பனை வாசலிலேயே நிறுத்தினாள் அவர் மனைவி முத்தம்மா.

"இன்னா பாக்க வந்துகீற? கூலி கேக்கப் போனேன். மேஸ்திரி இன்னா சொன்னான் தெரியுமா? கெழவன் தேசப்பன் தூக்கறான், உன் புருசனுக்கு இன்னா கேடுன்னு கேக்கறான். அன்னிக்கி நீ நாலு மூட்ட கொறச்சித் தூக்கியிருந்தா உன் தோளு தேஞ்சா போயிருக்கும்?"

தேசப்பன் வீட்டுக்குத் திரும்பினார். வந்ததும் கத்தினார். "நா இன்னா தப்பு பண்ணேன்? நா என் ஒடம்பப் பாத்துகினேன். அவனும் பாத்துகினு இருந்தா இப்பிடி ஆயிருக்குமா?"

அவர் மனைவி கோவிந்தம்மா ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டியில் குடல் கழுவும் வேலை செய்தவள். அப்போதுதான் திரும்பி, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சொம்பைத் தரையில் ஓங்கி வைத்தாள்.

"நீ பாத்துகினியா? இருவத்தஞ்சி வருசமா தொட்டியிலேர்ந்து ஈரலும் நெஞ்செலும்பும் முந்தானையில கட்டிகினு வந்து யாருக்குப் போட்டேன்? நமக்குப் புள்ள இல்ல. எல்லாம் உனுக்குத்தான் வந்துச்சு. நா வெறும் கொழம்பு ஊத்தித் தின்னேன். என் கையப் பாரு, குச்சி மாதிரி கீது. சின்னப்பையன் வூட்ல ஆறு புள்ள தின்னது போக அவனுக்கு இன்னா மிஞ்சும்? தண்டால் எடுத்தேன், தண்டால் எடுத்தேன்ற. கஞ்சித் தண்ணியில இருநூறு தண்டால் எடுத்துக் காட்டு, அப்பால பேசு."

தேசப்பன் அவள் கையைப் பார்த்தார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அந்தக் கையை அன்றுதான் சரியாகப் பார்த்தார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று முதலில் தெரியவில்லை. தெரிந்தபின் அது அடங்கவேயில்லை.

பத்து நாள் கழித்து முதலாளி, வேறு கிடங்குக்காரர்கள் இரண்டு பேரை அழைத்துவந்தார். கூடவே ஒரு போட்டோக்காரர். தேசப்பன் இரண்டு மூட்டைகளைத் தோளில் தூக்கி நிற்பதுபோல் படம் எடுத்து, வயது அறுபத்திரண்டு என்று கீழே எழுதி, வாசலில் மாட்டுவதாக ஏற்பாடு. மற்ற கிடங்குகளிலும் மாட்டப்போகிறார்களாம். மேஸ்திரி அவருக்குப் புது முண்டாசு கட்டிவிட்டு, தோளுக்கு எண்ணெய்கூடத் தடவினார்.

"தூக்குப்பா, பார்க்கலாம்" என்றார் முதலாளி.

தேசப்பன் ஒரு மூட்டையைத் தூக்கினார். தூக்கிக்கொண்டு நேரே முதலாளியிடம் நடந்தார். அவர் பின்வாங்க, அவர் நின்ற இடத்திலேயே மூட்டையை இறக்கி, அதன்மேல் உட்கார்ந்தார்.

"இந்த ஒடம்பு எப்பிடி வந்துச்சுன்னு கேட்டுக்கோ மொதலாளி. எனுக்குப் புள்ள இல்ல. எம் பொண்டாட்டி கொடல் கழுவிக் கறி கொண்டாந்து போட்டா. அவ காய்ஞ்சா, நா வளந்தேன். இவனுங்க வூட்ல யாருக்கு அது கீது? கஞ்சியக் குடிச்சிட்டு முப்பது வருசம் உன் மூட்டயத் தூக்கிகினுகீறானுங்க. பலசாலி அவனுங்கதான். நா இல்ல. என்னக் காட்டி அவனுங்க வவுத்துல அடிக்காத."

"தேசப்பா, வாய மூடு" என்றார் மேஸ்திரி.

"உனுக்கு நாப்பத்தஞ்சிதானே? நீ வா. இந்த ஒரு மூட்டய எடு. எடுத்துட்டு என்ன வாய மூடச் சொல்லு."

மேஸ்திரி வரவில்லை. தேசப்பன் முண்டாசை அவிழ்த்து, அதாலேயே தோளிலிருந்த எண்ணெயைத் துடைத்து, மேஸ்திரியின் காலடியில் எறிந்தார். போட்டோக்காரர் பெட்டியை மூடினார். எதிரே நின்ற கூலிகளில் ஒருவன் கையிலிருந்த மூட்டைக் கொக்கியைக் கீழே போட்டான். பிறகு இன்னொருவன். வயதானவர்கள் மட்டுமல்ல, இளவட்டங்களும் போட்டார்கள்.

மூன்று நாள் ஒரு மூட்டையும் நகரவில்லை. கப்பலிலிருந்து இறக்கிய அரிசி படகுகளிலேயே கிடந்தது. வானமும் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. நான்காம் நாள் முதலாளி, வயதானவர்களுக்கும் முழுக் கூலி என்று ஒத்துக்கொண்டார். தேசப்பனுக்கு மட்டும் வேலை இல்லை என்றார். சின்னப்பையனுக்கு நஷ்டஈடு ஒன்றுமே கிடையாது என்றார். அதற்குமேல் இழுத்துப் பிடிக்க யாரிடமும் அரிசி இல்லை. மறுநாள் எல்லோரும் கொக்கியை எடுத்தார்கள்.

தேசப்பன் திருவொற்றியூரில் ஒரு மரக்கிடங்கில் ரம்பம் இழுக்கப் போனார். தினமும் போகுமுன் சின்னப்பையன் வீட்டுக்குப் போவார். அவரை முதுகில் சுமந்து கடலோரம் கொண்டுபோய், கால் கழுவிக் குளிப்பாட்டித் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைப்பார். முத்தம்மாவால் முடியாத வேலை அது. மணலில் கசரத்து செய்த நேரம் இப்படிப் போயிற்று. கசரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். விடவில்லை, சுமப்பதற்குத் தெம்பு வேண்டுமே.

சின்னப்பையன் நன்றி சொல்லும் ஆளில்லை. போகும்போதும் வரும்போதும் முதுகின்மேல் இருந்தபடியே திட்டுவார். "கையக் காட்டிகினு திரிஞ்சியேடா. அன்னிக்கி எங்கடா போச்சி உன் வாயி? நா வுளுந்தப்புறம் வந்துச்சா?" தேசப்பன் நடையைக் குறைக்காமல் கேட்டுக்கொள்வார்.

இரண்டாம் வருஷம் ஒரு காலை, எதிரே மேஸ்திரி குடையோடு வந்தார். பழைய சங்கதியெல்லாம் மறந்தவர்போல நின்று, தேசப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒடம்ப இன்னும் அப்பிடியே வெச்சிகினுகீறியே தேசப்பா. இன்னா துன்ற?"

முதுகின்மேல் இருந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேசப்பன் வாயைத் திறக்குமுன் சின்னப்பையன் எட்டி மேஸ்திரியின் சட்டையைப் பிடித்துவிட்டார். கால் செத்தாலும் மூட்டை தூக்கிய கை. சட்டை கழுத்திலிருந்து வயிறு வரை கிழிந்தது.

"கிழிஞ்சிதா பாரு" என்றார் சின்னப்பையன்.

மேஸ்திரி குடையை ஓங்கினார். தேசப்பன் ஓர் அடி முன்னால் வைத்தார், அவ்வளவுதான். ஓங்கிய குடையை இறக்கிக்கொண்டு மேஸ்திரி எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

அன்று வீடு வரை சின்னப்பையன் திட்டவில்லை. மறுநாள் வழக்கம்போல் திட்டினார். படுக்கைப் புண் முற்றி 1935-இல் அவர் சாகும்வரை தேசப்பன் சுமந்தார். அதன்பின் ஆறு வருஷம் ரம்பம் இழுத்தார். எழுபத்திரண்டு வயதில் இறந்தபோதும் அவர் தோள் சரியவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கோவிந்தம்மா அதைக் கேட்டுப் பெருமைப்படவில்லை. "ஆமா, சரியல" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.