புகாரை மூட விடாத அக்கா

நேராகவே கேட்கிறேன். ஒரு நிறுவனத்தை அதைவிடப் பெரிய நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டால், அதுவரை ஆட்களை அடிமையாக நடத்தியவர் மறுநாள் காலை மனிதராகக் கண் விழிப்பார் என்று நம்புகிறீர்களா? நம்பினால், ஓட்டை அக்காவைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் அவர் சோதனையாளர். எதைக் கையில் கொடுத்தாலும் ஓட்டை கண்டுபிடிப்பதால் வந்த பெயர். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறை. பொத்தான் தேய்ந்துபோய் டேப் சுற்றிய ரிமோட்டை வைத்துக்கொண்டு, திரையில் இருக்கும் வீரனை ஒவ்வொரு சுவரிலும் மோதவிட வேண்டும். எந்தச் சுவருக்குள் அவன் புகுந்து காணாமல் போகிறானோ, அங்கே குறை.

“நாள் முழுக்க சுவத்துல முட்டிக்கிறதுக்கா இவ்ளோ படிச்ச?” என்று தங்கை கேலி செய்வாள்.

“உன் மாமியார்கிட்ட பேசுறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்டி.”

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குறையைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னால் மட்டும் போதாது. குறையைச் சொன்னவரே, முதலில் செய்ததை அப்படியே மறுபடி செய்து பார்க்க வேண்டும். குறை தலைகாட்டாவிட்டால், தீர்ந்தது என்று குறித்து அவரே அதை மூடுவார். வேறு யாரும் மூட முடியாது, முதலாளியே ஆனாலும்.

அங்கே டைரக்டர் ஒருவர் இருந்தார். அவர் செய்த ஒரு கேம் உலகமெங்கும் ஓடியது. அதனால் அவர் கத்தினால் மேதையின் கோபம். ஹெட்போனைச் சுவரில் எறிந்தால் படைப்பின் வேகம். திறமைக்கும் திமிருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா நாம்? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்பதுதான் வெட்கம்.

ஒலி அமைக்கும் இளைஞன் ஒருவன், மனைவிக்குப் பிரசவம் என்று விடுப்புக் கேட்டான். “நீயா பெத்துக்கப் போற? உக்காந்து வேலையப் பாரு” என்றார் டைரக்டர், எல்லோர் முன்னிலையிலும். சிலர் சிரித்தார்கள். மகள் பிறந்த செய்தி அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் வந்தது. அக்கா அன்றைக்கே புகார் கொடுத்தார். பழைய நிர்வாகம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

“வேலைய விட்டுடப் போறேன்க்கா” என்றான் அவன்.

“கம்பெனிய வாங்க வர்றாங்களாமே தம்பி. அவங்க என்ன பண்றாங்கன்னு பார்ப்போம். அப்புறம் போ.”

வந்தார்கள். கேக் வெட்டினார்கள், எல்லோருக்கும் புதுச் சட்டை கொடுத்தார்கள். டைரக்டருக்கும் ஒன்று. அவரை ஏன் வெளியே அனுப்பவில்லை? நல்ல கேள்வி. அவர்கள் பணம் கொடுத்ததே அவருடைய பெயருக்குத்தான். அவர் வேலையில் நீடிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. நோயையும் சேர்த்து விலை பேசியவர்கள் அதற்கு எப்படி மருந்து கொடுப்பார்கள்?

புது நிறுவனத்தின் பணியாளர் அதிகாரி அக்காவைக் கூப்பிட்டுத் தேன் ஒழுகப் பேசினார். “அதெல்லாம் பழைய நிர்வாகத்தோட விஷயம்மா. அந்தப் புகாரை மூடிட்டோம்.”

“சரி பண்ணிட்டீங்களா மேடம்?”

“அவருக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கோம்.”

“அப்போ நான் மறுபடி செஞ்சு பார்க்கணும். குறை சொன்னவங்கதான் மூடணும்.”

அதிகாரி அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்.

அந்த வாரமே அனைவருக்குமான கூட்டம். புது முதலாளிகளும் பணியாளர் அதிகாரியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டர் பேசி முடித்து, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அக்கா எழுந்தார். தங்கைக்கு உண்மையிலேயே நாள் நெருங்கியிருந்தது.

“லீவு வேணும் சார். தங்கச்சிக்குப் பிரசவம்.”

டைரக்டரின் காது சிவந்தது. முதலாளிகள் இருப்பதை ஒரு நொடி நினைத்தார். மறு நொடி மறந்தார். “உங்க குடும்பமெல்லாம் பெத்துக்கிட்டே இருங்க! இந்த கேமை நான் ஒருத்தனே பெத்துத் தர்றேன்! உக்காரு!”

பழக்கதோஷத்தில் சிலர் சிரித்தார்கள். அக்கா அதிகாரியின் பக்கம் திரும்பினார். “அதே குறை மறுபடி வந்திருச்சு மேடம். புகாரைத் திறந்து வைங்க.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் ஒலிக்காரன் எழுந்தான். “எனக்கும் இதையேதான் சொன்னாரு.” ஓவியம் வரையும் பெண் ஒருத்தி எழுந்தாள். பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம் அறை முழுதும் கேட்டது.

டைரக்டர் தூக்கி எறியப்பட்டார் என்று எழுத ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன். அவர் கத்தியதற்கு ‘வேலை அழுத்தம்’தான் காரணம் என்று நிர்வாகம் அறிக்கை விட்டது. அக்காவை உடைந்த ரிமோட்டுகள் கிடக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். ஆனால் எழுந்து நின்றவர்கள் மறுபடி உட்காரவில்லை. சங்கம் அமைத்தார்கள். ஒலிக்காரன் வேலையை விடவில்லை, அதன் செயலாளர் ஆனான். அந்தப் புகாரை விசாரிக்கும் குழுவில் ஊழியர்களும் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். நிர்வாகம் மறுத்துப் பார்த்தது, இழுத்தடித்துப் பார்த்தது, கடைசியில் ஒப்புக்கொண்டது. விசாரணை நடக்கிறது. மூடும் அதிகாரம் இப்போது மேலே இருப்பவர்களிடம் மட்டும் இல்லை.

நாளை உங்கள் அலுவலகத்தையும் யாராவது வாங்கலாம். கேக்குக்குக் கை நீட்டும் முன், பழைய புகார்கள் என்ன ஆயின என்று எழுந்து கேளுங்கள். உங்களுக்கு முன்னால் வேறொருவர் கேட்டுவிட்டால், தயவுசெய்து அவரைத் தனியாக நிற்க விடாதீர்கள்.