திரும்பி வந்த புல்

சலவை அறை வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் பன்னிரண்டு தப்படி. மழை பிடித்தால் அந்த இடம் சேறாகிவிடும். கிளப்பின் ஜெர்சிகளையும் காலுறைகளையும் துவைக்கும் வேலையில் நான் சேர்ந்த வருடம், குளிர்காலம் முழுக்க நனைந்த காலோடுதான் நின்றேன். யாரிடமும் சொன்னதில்லை. ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் வாசலிலிருந்து குழாய் வரைக்கும் பலகைகள் வரிசையாகக் கிடந்தன. பழைய பெஞ்சுப் பலகைகள், ஐந்து. கால் குத்திவிடக் கூடாதென்று ஆணித் துளைகளில்கூட மெழுகு அடைத்திருந்தது. யார் போட்டது என்று கேட்டேன். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். மைதானக்காரர் வெனான்சியோ மட்டும் கேள்வி காதில் விழாதவர்போலப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் விரல்நகத்தில் மெழுகு ஒட்டியிருந்தது. நானும் பார்க்காதவள்போல இருந்துவிட்டேன்.

அவரும் அவர் மனைவி எல்விராவும் மைதானத்திலேயே குடியிருந்தார்கள். கிழக்குப் பக்கத்து இருக்கைப் படிகளுக்கு அடியில், என் சலவை அறையை ஒட்டி ஒரு அறை. கூரையே படிக்கட்டு மாதிரி சரிந்து இறங்கும். எல்விராவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆறு வருடம், கட்டிலோடுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்கு மேலே ஜனங்கள் குதிக்கும் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் கோல் போட்டது என்று சொல்லிவிடுவாள். மாண்டெவிடியோவில் அதைவிட நல்ல இடம் தனக்கு வேண்டாம் என்பாள். வேறு இடம் அவர்களுக்கு இருக்கவும் இல்லை. அறைச் சாவியும் மைதான கேட்டின் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கும்.

எங்கள் கிளப் தென் அமெரிக்காவின் சாம்பியன் ஆன வருடம் அது. ஐரோப்பாவின் சாம்பியனோடு இரண்டு ஆட்டம், அங்கே ஒன்று, இங்கே ஒன்று. அங்கே போய் ஒரு கோலில் தோற்றுவிட்டு வந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் வெனான்சியோ தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. முட்டி போட்டுப் புல்லுக்குள் களை பிடுங்குவார். எழுந்திருக்கும்போது கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு கோல் போட்டோம். அவர்கள் ஒன்றுகூடப் போடவில்லை.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய கோப்பை ஜெயித்தால் ஜனங்கள் உள்ளே இறங்கி ஆளுக்கொரு பிடி புல்லை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு போவார்கள். வீட்டில் தொட்டியில் நடுவார்கள், மாதா படத்துக்கு முன்னால் வைப்பார்கள். கேட்டைத் திறக்காவிட்டால் கம்பி வேலியைப் பிய்த்துவிடுவார்கள். அதனால் மைதானக்காரரே கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வது வழக்கம். புல் போனாலும் வேலியாவது மிஞ்சும். வெனான்சியோ திறந்தார். இரண்டு ஆட்டமும் சேர்த்து நான்குக்கு ஒன்று, இதில் கணக்கென்ன என்று அவரும் நினைத்தார், நாற்பதாயிரம் பேரும் நினைத்தார்கள். கிளப்பின் செயலாளர் அராம்புரு மேல்படியில் யாரையோ கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

வெளிநாட்டு அதிகாரி ஒருவர் மழைக்கோட்டோடு இறங்கி வந்தபோது பாதிப் புல் போயிருந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான். இந்தக் கோப்பைக்குக் கோல் கணக்கு இல்லை, வெற்றிதான் கணக்கு. நான்கு கோலில் ஜெயித்தாலும் ஒரு வெற்றி, ஒரு கோலில் ஜெயித்தாலும் ஒரு வெற்றி. ஆளுக்கொன்று ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் இதே மைதானத்தில் மூன்றாவது ஆட்டம். தரை சரியில்லாவிட்டால் ஆற்றுக்கு அக்கரையில், புவெனஸ் ஐரஸில்.

இந்த விதி ஒரு மாதம் முன்னமே பேப்பரில் வந்ததாம். எங்கள் ஜனங்கள் படித்தவர்கள்தான். சந்தோஷம் வந்தால் படித்ததெல்லாம் மறந்துபோகும்.

அராம்புரு இறங்கி வந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது.

"கேட்டை யாரு திறந்தது?"

"நாந்தான்."

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க?"

முப்பது வருடத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை. ஆட்டம் அக்கரைக்குப் போனால் புதன்கிழமை சாவி வளையம் தன் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு அராம்புரு போனார். எந்த வளையம் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. படிகளுக்கு அடியிலிருந்து எல்விரா, நாலாவது கோல் யார் போட்டது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தரையைப் பார்க்கச் சகிக்கவில்லை. அம்மை வார்த்த முகம்போல் குழி குழியாய் இருந்தது. வெனான்சியோ ஒரு கோலிலிருந்து இன்னொரு கோலுக்கு நடந்துபோய்த் திரும்பி வந்தார். கோட்டுக்கு வெளியே இருக்கும் புல்லை வெட்டி உள்ளே வைக்கலாம், தன் அறை வாசலில் இருப்பதையும் எடுக்கலாம், அப்போதும் பாதிக்கு மேல் போதாது என்றார். குரலில் கோபம்கூட இல்லை. களைப்புதான்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை காலை ஆறு மணிப் பூசைக்கு முன்னால் பங்குச் சாமியாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவரும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்திருந்தவர்தான். பூசை முடிவில் ஜனங்களைப் பார்த்து, "நேத்து புல்லு எடுத்த வீட்டுல எல்லாம் அதைத் திருப்பிக் குடுத்துடணும். அது நம்மளது இல்ல. இன்னும் ஜெயிக்கல" என்றார். பூசைக்கு வந்திருந்தவர்கள் முப்பது பெண்கள் இருக்கும், பெரும்பாலும் வயதானவர்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. மாதாவிடம் ஜெபமாலை சொன்னேன், ஆனால் அரை மனதாகத்தான் சொன்னேன்.

பத்து மணிக்கு முதல் ஆள் வந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன், நல்ல வாட்டசாட்டம். கையில் ஒரு வாணலி, அதற்குள் புல்.

"எங்கம்மா வாணலியோட அனுப்பிட்டா, டொன் வெனான்சியோ. புல்லக் குடுத்துட்டு வந்தாத்தான் சோறுன்னா."

"எங்க எடுத்தது?"

"யாருக்குத் தெரியும்? குனிஞ்சேன், புடுங்கினேன்."

அதன் பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். பேப்பரில், தொப்பியில், ரொட்டிக் கூடையில். டிராம் கண்டக்டர் ஒருவர் உடுப்போடு வந்து வைத்துவிட்டு ஓடினார். மனைவி அனுப்பியவர்கள், மாமியார் அனுப்பியவர்கள். ஒருவரும் கண்ணை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சிலர் கொண்டுவந்தது மைதானத்துப் புல்லே இல்லை. எடுத்தது வாடிப்போனதால் தெருவோரத்தில் பெயர்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றில் குதிரைச் சாணம்கூட இருந்தது. வெனான்சியோ எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கி, எல்லோருக்கும் நன்றி சொன்னார். ஆகாததை அவர்கள் தலை மறைந்த பிறகுதான் ஓரமாகப் போட்டார்.

வைத்த புல் வேர் பிடிக்கப் பத்து நாளாவது வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒரு பகல். ஈர மணலைக் குழியில் போட்டு, மேலே புல்லை வைத்து, பலகையால் அடித்து இறுக்கினோம். அதற்குக் கிடைத்தவை என் வாசலில் கிடந்த அதே ஐந்து பலகைகள்தான். கேட்காமல் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வந்து வாசலில் நின்றார்.

"ஒரு நாளைக்கு வேணும், டோனியா எர்மினியா. கால் நனையும்."

"நனையட்டும்" என்றேன்.

நானும் சலவையை விட்டுவிட்டு அடித்தேன். மூன்றாவது பலகை மதியத்துக்கெல்லாம் நெடுக விரிசல் விட்டது. வெனான்சியோ சாப்பிடவில்லை. மாத்தே இலைக் கஷாயக் குடுவையை மட்டும் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்து, போகும்போதும் வரும்போதும் ஒரு உறிஞ்சு உறிஞ்சிக்கொண்டார். நான்கு மணிக்கு மேல் அவர் எழுந்து நிற்பதை விட்டுவிட்டார். முட்டியாலேயே அடுத்த குழிக்கு நகர்ந்தார்.

வெளிச்சம் மங்கும் நேரத்துக்கு அராம்புரு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்துத் தரையில் வைத்தார். முடிச்சில் புல் இருந்தது. நல்ல பட்டுக் கைக்குட்டை, மண் கறை பட்டு.

வெனான்சியோ அதை எடுத்துத் திருப்பி வேரைப் பார்த்தார்.

"இது பெனால்டி புள்ளிக்குப் பக்கத்துல எடுத்தது. அங்க மட்டுந்தான் இப்படிக் கறுப்பு மண்ணு."

"இருக்கும்" என்றார் அராம்புரு.

அவ்வளவுதான் பேச்சு. வெனான்சியோ முட்டியால் நகர்ந்துபோய் அதை அதன் இடத்திலேயே வைத்தார். கைக்குட்டையை நான் வாங்கிக்கொண்டேன், துவைத்துத் தருகிறேன் என்று.

செவ்வாய்க்கிழமை காலை நடுவர் தரையைப் பார்க்க வந்தார். அக்கரைக்காரர், ஒல்லியான மனிதர். குதிகாலால் அங்கங்கே அழுத்திப் பார்த்துக்கொண்டே நடந்தார். நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். வெனான்சியோ மட்டும் உள்ளே, தெற்குக் கோலுக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அசையவே இல்லை. நடுவர் அவருக்குக் காலை வணக்கம் சொல்லி, மரியாதையாக அவரைச் சுற்றிக்கொண்டு போனார். அவர் காலுக்குக் கீழேதான் மைதானத்திலேயே மோசமான இடம் இருந்தது, எனக்குத் தெரியும். பிறகு பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னேன். நின்றது அவர்தானே, நீ எதற்கு அழுகிறாய் என்றார் சாமியார்.

நடுவர் ஆடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வெனான்சியோ பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து என் வாசலில் பழைய வரிசையிலேயே போட்டார். நான் குழாயடியில் கழுவிக்கொள்ளச் சொன்னேன். கழுவிவிட்டு, உள்ளே துண்டு மூட்டைகள்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவாக்கில் தூங்கிப்போனார். மேலே ஜனங்கள் வந்தார்கள், ஆட்டம் தொடங்கியது, சுவர் அதிர்ந்தது. அவர் விழிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்விராதான் கத்திச் சொன்னாள். இரண்டுக்கு ஒன்று, ஜெயித்துவிட்டோம்.

அராம்புரு கேட் சாவிக்காக ஓடி வந்தார். நான் மூட்டைப் பக்கம் கை காட்டினேன். சாவி வளையம் வெனான்சியோவின் இடுப்பில் இருந்தது, வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அராம்புரு ஒரு நிமிடம் பார்த்தார். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார். அந்த வருடம் வேலியும் போயிற்று, புல்லும் போயிற்று. வாணலியோடு வந்தவன் அதே வாணலியோடு வந்து எடுத்துப்போனதாகப் பிறகு சொன்னார்கள்.

சாவியைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. புதன்கிழமை காலை வெனான்சியோ மொட்டைத் தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மண்வெட்டியை எடுக்கப் போனார். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் முதுகு நிமிரவே இல்லை. இன்னும் ஒன்பது வருடம் அப்படியே வேலை பார்த்தார். விரிசல் விட்ட பலகையை வருடத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடுவார், மாற்ற வேண்டும் என்பார், வேறு வேலை வந்துவிடும்.

எல்விரா அந்த அறையிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் நடக்கும்போதே கண்மூடினாள். அவள் போன பிறகு அவருக்குச் சாவி வேண்டியிருக்கவில்லை. தானே போய் அராம்புருவின் மேசையில் வைத்துவிட்டு வந்தார். அவரைக் கூட்டிப்போகப் பைசாந்து ஊரிலிருந்து அவர் அக்கா மகன் லாரி கொண்டுவந்தான். கட்டில், இரண்டு நாற்காலி, மாதா படம், அவ்வளவுதான் சாமான். முந்தின வாரமெல்லாம் மழை. நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதச் சொன்னேன், பூசையில் பேர் சொல்லி வேண்டிக்கொள்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். லாரியில் ஏறக் காலைத் தூக்கியவர், இறக்கிவிட்டுத் திரும்பி என் காலடியைப் பார்த்தார்.

"அந்த மூணாவது பலகை உளுத்துப்போச்சு, டோனியா எர்மினியா. மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன், முடியல. அதுல மட்டும் கால வைக்காதீங்க."