சக்கை தின்ற செம்மறிகள்

தொண்ணூறுகளில் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்த்தேன். வாரம் முழுக்க வெள்ளை, வெள்ளை, கண் கூசும் வெள்ளை. ஞாயிறானால் கால் நிற்காது. டவுன் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டில் போய் இறங்குவேன், கழிவில் போகும் பேண்டேஜ் துணியில் ஒரு சுருள் கக்கத்தில் இருக்கும். பால் வடிகட்ட அக்காவுக்கு அது வேண்டும்.

அக்காவிடம் இரண்டு செம்மறிகள். கல்யாணத்தில் அம்மா சீராகக் கொடுத்த ஆட்டின் வழி வந்தவை. ஒன்று செவலை, ஒன்று கருப்பி. அந்த வீட்டில் தன்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்ள அவை மட்டும்தான். மழை பொய்த்த அந்த வருடம் இரண்டும் கிடாயைக் கண்டால் ஒதுங்கிப் போயின. பருவத்துக்கே வரவில்லை.

"ஆடித்தேர் முடியட்டும்" என்றார் அத்தான். "அதுக்குள்ள சேரலேன்னா கறிக்கடைக்காரர வரச் சொல்லிருவேன். சும்மா எம்புட்டு நாளைக்குத் தீனி போட?"

அக்கா செவலையின் காது மடலை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் நான் லீவு போட்டேன். இருவரும் ஆடுகளை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனோம். டாக்டரம்மா முதுகெலும்பை அழுத்திப் பார்த்தார்.

"காய்ஞ்ச புல்லு வயித்தை நிரப்பும்மா, அவ்வளவுதான். கர்ப்பத்தைத் தாங்குற ஹார்மோனை உடம்பு கொழுப்புலேர்ந்துதான் செய்யுது. அது குறைஞ்சா பருவத்துக்கு வராது, வந்து சேர்ந்தாலும் சினை தங்காது. பருத்திக்கொட்டை கொடுங்க, எண்ணெய்ச் சத்து நிறைய. அதுக்காக அள்ளிக் கொட்டிராதீங்க, ஒரு கைப்பிடி போதும்."

"குடுத்துக்கிட்டுத்தான இருக்கேன், கோடையிலேருந்து."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "எப்படிக் கொடுக்குறீங்க?"

"ஊறவச்சு, ஆட்டி, பால் புழிஞ்சிட்டு, பொறவு..."

அக்கா பாதியில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். பாலில் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சினால் பருத்திப்பால், அது மனிதருக்கு. சக்கை ஆட்டுக்கு. எதையும் வீணாக்காத வீடு என்று அதற்குப் பெயரும் உண்டு. அத்தானுக்கோ அந்த டம்ளர் வராமல் சாயங்காலமே ஆகாது. நான் கொண்டுபோன துணியில் போட்டு முறுக்கினால் சக்கையில் சொட்டு ஈரம் மிஞ்சாது.

"எண்ணெயெல்லாம் பாலோட போயிருச்சே. யாரு குடிக்கிறா?"

"வீட்ல அவிய."

"அப்ப அவங்க நல்லா இருப்பாங்க" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து சொன்னோம். அத்தான் கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்ப நாந்தான் காரணமா?"

"ஆடு வந்து சொல்லிச்சாக்கும்" என்றாள் அக்கா.

"இனிமே எனக்கு வரக்காப்பி போதும்ட்டி. கொட்டைய அப்படியே வையி."

ஊறிய கொட்டையை அப்படியே வைத்தாள். நறுக் நறுக்கென்று அவை மெல்லும் சத்தத்தை அக்கா குத்தவைத்துக் கேட்டாள், தூரத்து மழையைக் கேட்கிறவள்போல. ரோமத்தில் மினுமினுப்பு ஏறியது. தேருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை, பக்கத்து வீட்டுக் கிடாயின் முன்னே செவலை வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கருப்பி நிற்கவில்லை.

தேர் நிலைக்கு வந்த பிறகு, அத்தான் முன்னமே சொல்லிவைத்திருந்த கறிக்கடைக்காரர் கயிற்றோடு வந்தார். அக்கா உள்ளே போய்விட்டாள்.

"செவலை சேந்திட்டு" என்றார் அத்தான். "இதுவும் சேரும்."

"இதுக்கு வயசாயிட்டுல்லா அண்ணாச்சி."

"எனக்குந்தான் ஆயிட்டு. ஓட்டிட்டுப் போறீரா?"

கயிறு வந்த வழியே போனது. அடுப்படியில் அக்கா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

மார்கழி மாதம் செவலை குட்டி போட்டது. கருப்பி சினையாகவே இல்லை. அதைப் பற்றி அத்தான் பேச்செடுக்கவும் இல்லை. குட்டி போட்ட அன்று சாயங்காலம் அக்கா பல நாள் கழித்துப் பருத்திப்பால் காய்ச்சினாள். அத்தான் பாதி டம்ளர் குடித்தார். மீதியைச் செவலைக்கும் கருப்பிக்கும் பங்கு வைத்து ஊற்றினார்.