முகாம் வாசலில் ஒரு போஞ்சி

காலை ஆறு பத்து. இராணுவ முகாம் வாசலில் ஒரு பெண், கையில் போஞ்சிக்காய்ப் பையுடன் நிற்கிறார். நான் அதையொட்டிய திருகோணமலை இறங்குதுறையில் மூதூர் லாஞ்சுக்குக் காத்திருக்கிறேன். அவர் கணவருக்காகக் காத்திருக்கிறார்.

கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒல்லாந்து, ஆங்கில, ஜெர்மன் சொற்களை ஒப்பிட்டு, அவற்றின் தாய்ச்சொல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து அட்டைகளில் எழுதுபவர். எங்கும் எழுதிவைக்கப்படாத சொல் என்பதால் முன்னால் ஒரு நட்சத்திரம் இடுவார்கள். வீட்டைச் சோதித்தவர்கள் அந்த நட்சத்திரங்களைத் தாக்குதல் இலக்குகள் என்று எண்ணி, அட்டைகளையும் அவரையும் கொண்டுபோனார்கள்.

அந்தப் பெண் நட்சத்திரம் இட்ட ஓர் அட்டையை என்னிடம் காட்டுகிறார்.

"இது குசினி அலுமாரிக்குள்ள, சட்டிபானையோட கிடந்தது, தம்பி. பௌனோ. அதுதான் ஆதியாம். இங்கிலீசில பீன். ஒல்லாந்தரிட்ட போன்ட்யே. எங்களிட்ட போஞ்சி. முப்பது வருசமா மனுசன் கதைச்சது, எனக்கு இது ஒண்டுதான் ஞாபகம்."

"இங்க என்ன சொல்லினம்?"

"போன கிழமை காவலுக்கு நிண்டவர் சிரிச்சார். உங்கட ஆளுக்கு வேற வேலை இல்லையோ எண்டார். ஓம், இல்லைத்தான் எண்டனான். அவருக்கு விளங்கிட்டுது எண்டு நினைச்சன்."

ஆறரைக்குக் காவல் மாறுகிறது. புதிய சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. அந்தப் பெண் அட்டையின் மேல் ஒரு போஞ்சியை வைத்து நீட்டுகிறார்.

"போஞ்சி," என்கிறான் சிப்பாய். சிங்களத்திலும் அதே பெயர்தான்.

"ஓம், ஓம், போஞ்சி!" என்கிறார்.

அவன் போஞ்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அட்டையிலிருக்கும் நட்சத்திரத்தைப் பார்த்து, அதைச் சட்டைப் பைக்குள் வைக்கிறான்.

அவரிடம் வேறு அட்டை இல்லை.