எங்க வீட்டுக்காரரின் இடது கண்

எங்க வீட்டுக்காரருக்கு இருந்தது ஒத்தக் கண்ணு. வலது கண்ணு எப்பவோ தூண்டில் முள்ளு பட்டுப் பார்வை போயிருச்சு. இடது கண்ணை வச்சுத்தான் பாம்பன்லேருந்து கடலுக்குப் போய்வந்தாரு. அந்தக் கண்ணையும் நான்தான் கெடுத்தேன். யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

அன்னைக்கு வலை நிறையச் சொறி மீனு, ஜெல்லி மீனும்பாங்களே அது. வலையை உதறையில அதோட தண்ணி முகத்துல தெறிச்சிருக்கு. கரைக்கு வந்தவரு, "கண்ணு திடீர்னு இருட்டிருச்சு, ஆஸ்பத்திரிக்குப் போவமா?"ன்னாரு. சொறித்தண்ணி பட்டா கண்ணு எரியும், மங்கும், ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும். எங்க கரையில எல்லாருக்கும் பழகினதுதான். "எரியுதா, வலிக்குதா?"ன்னேன். இல்லைன்னாரு. "பெறகென்ன, பேசாமப் படுங்க"ன்னு அதட்டிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளை பெத்தவகிட்டத் தாய்ப்பால் வாங்கியாந்து கண்ணுல விட்டேன். ரெண்டு நாளும் விட்டேன், பாவி.

மூணாம் நாள் காலையில சோத்துத் தட்டைக் கையால தடவித் தேடினாரு. ராமநாதபுரம் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு ஓடினேன்.

கண்ணுல கொஞ்சம் புரை இருக்கிறதால உள்ள தெளிவாப் பார்க்க முடியலைன்னு டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தாங்க. வயித்துப் பிள்ளையப் பார்ப்பாங்களே, அதே மாதிரிதான். மூடின இமை மேல பசையைத் தடவி, கருவியை வச்சாங்க. மொதல்ல வலது கண்ணு. அதுக்குப் பின்னாடி திரையில செவப்பாத் துடிச்சுச்சு. கண்ணுக்குப் போற ரத்தம் அதுன்னாங்க. உதவாத கண்ணுக்கு ரத்தம் ஓடுது. இடது கண்ணுல வச்சதும் அந்த எடத்துல வெறும் கறுப்பு. கருவியைச் சாச்சுச் சாச்சுப் பார்த்தாங்க. ஒரு புள்ளிச் செவப்பு வரணுமேன்னு மாதாவைக் கும்பிட்டேன். வரல.

"ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. இதுல வலியே இருக்காது. எப்பலேருந்து தெரியல?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரு, "இன்னைக்கு விடியக்காலம்தாம்மா"ன்னுட்டாரு. என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்தாரு.

"அப்பன்னா இன்னும் நேரமிருக்கு, அடைச்ச சில மணி நேரத்துக்குள்ள வைத்தியம் பார்க்கணும்"னு டாக்டரம்மா மதுரைக்குப் போன் போட எடுத்தாங்க. அந்த ஒரு நிமிசம் நானும் அந்தப் பொய்யை நம்பப் பார்த்தேன். பொய்யச் சொல்லி என்ன வைத்தியம் பண்ணுவாக?

"முந்தாநாளு டாக்டரம்மா. இவரு வாரேன்னுதான் சொன்னாரு. நான்தான் விடல."

அவங்க போனைக் கீழ வச்சாங்க.

"அவளைத் திட்டிறாதீங்கம்மா"ன்னாரு இவரு, டாக்டரம்மா அங்கன நிக்கிறதா நெனச்சு, செவுத்தைப் பார்த்து.