என் சனிக்கிழமைகளைப் பிடுங்கிய மரகதம் டீச்சர்

மரகதம் டீச்சர் இறந்த செய்தி எங்கள் நீட் பயிற்சி மையத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அதற்கு மேலே நான் போட்ட இயற்பியல் தேர்வின் விடைக்குறிப்பு. கீழே யாரோ பழக்கதோஷத்தில் போட்ட கட்டைவிரல். இத்தனை வருடம் விலங்கியல் நடத்தியவருக்குக் கட்டைவிரல்! அந்த ஆளைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கத்தான் முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. அவரோடு நான் சண்டை போடாத வாரமே கிடையாது. இன்றைக்கும் கோபம்தான். போனவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். பட்டால் என்ன, வந்து பதில் சொல்லட்டும்.

சண்டைக்குக் காரணம் சனிக்கிழமை. அன்று காலைதான் என் மாதிரித் தேர்வு. டீச்சரோ எட்டுப் பத்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுவார். உள்ளே போய் எதையும் பார்க்க அல்ல. புறநோயாளிகள் சீட்டு வாங்கும் வரிசையில் வயதானவர்களுக்குத் துணையாக நிற்க வைப்பார். ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்தில் நிற்பவரிடம் எந்த பஸ்ஸுக்கு வந்தீர்கள், எந்த பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்று கேட்டு எழுதிவர வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.

"இது பரீட்சையில வருமாங்க டீச்சர்?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"வராதுங்க சார். ஆனா ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு சொல்ற டாக்டருக்கு அவிய எங்கிருந்து வாராங்கன்னு தெரிய வேண்டாமுங்களா? உடுமலைக்கு அந்தப்பக்கம் இருந்து வாரவிய ரெண்டு பஸ் மாறோணும். வரமாட்டாங்க. நோவு முத்துன பொறவுதான் வருவாங்க."

பெற்றோர் பிடித்ததெல்லாம் என்னைத்தான். மகள் ஆஸ்பத்திரியில் நின்று காய்ச்சல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று கோபியில் இருந்து ஒரு தகப்பனார் போனில் அரை மணி நேரம் வைதார். நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். டீச்சர் விடுதிக்கு ரசம் சோறு கொண்டுபோனார். அடுத்த சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனார்.

சில மாதங்களாக அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நடுப்படியில் நின்று, சுவரில் ஒட்டிய விடுமுறைப் பட்டியலைப் படிப்பதுபோல் பாவனை செய்வார். ஒரு பட்டியலை எத்தனை தடவைதான் படிப்பது? காலும் வீங்கியிருந்தது. வருடா வருடம் இதயத்தைப் படம் போட்டு நடத்துகிறவருக்கு இது தெரியாதா? கேட்டால், "பிள்ளைக பரீட்சை முடியட்டுங்க சார்" என்பார்.

பொறுக்கமாட்டாமல், தெரிந்தவர் காலில் விழாத குறையாக, ஓர் இதய மருத்துவரிடம் நானே நேரம் வாங்கிக் கொடுத்தேன். போய்க் காட்டவேண்டிய நாளுக்கு மறுநாள் வந்த டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிணத்துக்கடவில் இருந்து வரும் மாணவி ஒருத்தியின் அம்மாவுக்கு நெஞ்சுவலியாம். அந்த நேரத்துக்கு அந்த அம்மாவைக் கூட்டிப் போயிருக்கிறார்.

"அவியளுக்கு அவசரமுங்க சார். அடைப்பு இருக்குதாம், நல்லவேளைக்குக் கண்டுபுடிச்சுப்போட்டாங்க. நான் அடுத்த வாரம் போறனுங்க."

போகவில்லையென்றால் உங்களோடு பேசமாட்டேன் என்றேன். அடுத்த வாரமும் அவர் போகவில்லை. நான் பேசவில்லை. நாலு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். ஐந்தாம் நாள் காலையில் அந்த வாட்ஸ்அப் செய்தி.

அவர் வீட்டு வாசலில் பழைய மாணவர்கள், இப்போது டாக்டர்கள், கூட்டமாக நின்றார்கள். இத்தனை பேரில் ஒருத்தராவது அந்தக் கையைப் பிடித்து நாடி பார்த்திருக்கக் கூடாதா என்று எல்லோர் மேலும் எரிச்சல் வந்தது. நான் மட்டும் என்ன கிழித்தேன்?

கிணத்துக்கடவு அம்மா மகளோடு வந்திருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க சார், டீச்சரு யார்கிட்டயும் போய்க் காட்டலீங்களா?"

அவருக்குத் தெரியாது. நீங்கள் போனது டீச்சருக்கு வாங்கிய நேரத்துக்குத்தான் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். விழுங்கினேன். அந்த இடத்தில் வேறு எதுவும் பேசத் தெரியாமல், இத்தனை வருடம் கிண்டல் செய்த கேள்வியைத்தான் கேட்டேன்.

"எந்த பஸ்ஸுக்கு வந்தீங்கம்மா? எந்த பஸ்ஸுக்குப் போகணும்?"

டீச்சரிடம் இருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். இருவரையும் உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், அவர்கள் ஊர் வழியாகப் போகும் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஏறும்போது, மறுபடி டாக்டரிடம் காட்ட என்றைக்கு வரவேண்டும், கூட வர ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். ஆள் இல்லை. நாள், வருகிற சனிக்கிழமை.

நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் தேர்வு இந்த வாரமும் போச்சுங்க டீச்சர்.