இடது பக்கத்து மூன்றாவது திரை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். நடந்தது நடந்ததுதான். தொடங்கி வைத்த புண்ணியவானும் நான்தான்.

ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ரிப்போர்ட் அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கிருக்கும் லேப்டாப் விண்டோஸில் அல்ல, லினக்ஸில் ஓடுவது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததை, அன்று மதியம் கை சும்மா இருக்காமல் அப்டேட் செய்து தொலைத்தேன். மறுபடி உயிர் வந்தபோது, டாக்டர் படம் பார்க்கும் பெரிய மானிட்டர் கறுத்துக் கிடந்தது. லேப்டாப் திரையின் ரெசல்யூஷன் 640-க்கு 480. எழுத்து ஒவ்வொன்றும் செங்கல் அளவு.

அந்த நேரம் பார்த்து, வண்டியிலிருந்து விழுந்த ஒரு பெண்ணின் தலை ஸ்கேன் வந்தது. டாக்டரம்மா அந்தக் கலங்கிய திரையிலேயே பார்த்தார். "பெருசா ஒண்ணும் தெரியல. வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட் எழுத அடுத்த அறைக்குப் போனார்.

அடிதான் இல்லையா, என் கைங்கரியத்தில் படம்தான் தெரியவில்லையா?

மணி 4:12. எந்தெந்தத் திரை இணைந்திருக்கிறது என்று கட்டளை அடித்துக் கேட்டேன். மூன்று என்றது. லேப்டாப், மானிட்டர்... இடது பக்கம் இன்னொன்று. அங்கே இருந்தது வெறும் சுவர். அந்த லேப்டாப்பில் மானிட்டர் மாட்ட இருப்பதே ஒரே ஓட்டை.

மூன்றாவதை அணைத்தேன். திரும்பக் கேட்டேன். மூன்று.

நண்பனுக்கு அனுப்பி வழி கேட்கலாம் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். இந்த லேப்டாப்பில் அப்படி எடுத்தால், இணைந்த திரைகள் எல்லாம் ஒரே படமாக வரும். வந்தது. இடது பக்கம், இல்லாத திரையில், அதே பெண்ணின் ஸ்கேன். கண்ணாடி போல் துல்லியமாக.

தலை ஸ்கேன் என்பது மெல்லிய வில்லைகளாக நறுக்கியது போல் பல படங்கள். மவுஸ் சக்கரத்தை உருட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அங்கே திறந்திருந்தது 31-வது படம்.

4:16. இன்னொரு ஸ்கிரீன்ஷாட். 38.

4:19. 44.

யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்...

டிக்.

இடது காதருகே. மவுஸ் சக்கரம் உருளும் சத்தம். என் மவுஸ் என் கைக்குள் அசையாமல் இருந்தது.

டிக்... டிக்...

நின்றது.

4:23. கடைசி ஸ்கிரீன்ஷாட். 57-வது படம். மண்டையோட்டை ஒட்டி ஒரு சிவப்பு வட்டம்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினேன்.

டாக்டரம்மா அந்த வட்டத்தையே பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். மூளை எது, எலும்பு எது என்று தெரியாத நான். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெண்ணைத் திரும்ப அழைத்து வந்தார்கள். உள்ளே ரத்தக் கசிவு. அன்றே ஆபரேஷன். பிழைத்துவிட்டாள்.

ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் அண்ணனுக்கு அங்கே பதினாறு வருஷ சர்வீஸ். இடது பக்கம் முன்பு என்ன இருந்தது என்று கேட்டேன். பழைய வயரிங் என்றார். மறுநாள் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து, ஸ்கிரீன்ஷாட்டைப் போனில் காட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"அங்க பெரிய டாக்டரோட ஸ்கிரீன் இருந்துச்சு தம்பி. ஒருநாள் ஒரு பொண்ணோட தலை ஸ்கேன்ல பாதிப் படத்தப் பாத்துட்டு நார்மல்னு எழுதிட்டார். அன்னைக்கு ராத்திரியே அந்தப் பொண்ணு போயிடுச்சு. அவர் பெத்த பொண்ணு."

போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அப்புறம் அவர் வீட்டுக்கே போகல. ஒன்பது நாள் அங்கயே உக்காந்து அந்த ஸ்கேனையே உருட்டிக்கிட்டிருந்தார். பத்தாவது நாள் காலைல நான்தான் கதவத் தொறந்தேன். உடம்பு ஜில்லுன்னு கெடந்துச்சு. விரல் மட்டும் மவுஸ உருட்டிக்கிட்டே இருந்துச்சு..."

"அப்போ உயிர் இருந்துச்சாண்ணே?"

"இல்ல தம்பி."